சித்தி அழுக்காக்கிய சுவர்

என் சித்திக்கு விருது வாங்கித் தந்த படத்தில் ஒரு சமையலறை வருகிறது. கரி படிந்த சுவர், ஈரம் ஏறி உப்பிப்போன பூச்சு, ஒரே ஒரு ஜன்னல். அந்தப் படத்தைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் அந்தச் சமையலறைக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருந்தார்கள். வறுமையின் இருட்டு என்றார் ஒருவர். அழுக்குகூட இந்தப் படத்தில் நடித்திருக்கிறது என்றார் இன்னொருவர். அவர்கள் எல்லோர்மீதும் எனக்கு இன்றுவரை கோபம் உண்டு. அது சேலையூரில் இருந்த எங்கள் வீட்டுச் சமையலறை. அம்மா அதை ஒருநாளும் அழுக்காக வைத்திருந்ததில்லை.

சித்தி அம்மாவின் ஒரே தங்கை. தரமணி திரைப்படக் கல்லூரிக்குப் போய் ஒளிப்பதிவு படித்தவள். படிப்பு முடிந்ததும் பெரிய ஒளிப்பதிவாளர்கள் யாரிடமாவது உதவியாளராகச் சேர்ந்துவிடலாம் என்று வடபழனி, சாலிகிராமம் பக்கமெல்லாம் அலைந்தாள். அவளுக்கு வேலை தெரியாது என்று ஒருவரும் சொல்லவில்லை. வெயிலில் நிற்க வேண்டுமே, வெளியூரில் தங்க வேண்டுமே, வீட்டில் என்ன சொல்வார்களோ என்று அவளுக்காக மிகவும் கவலைப்பட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கவலையை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். கடைசியில் ஒரு தொலைக்காட்சித் தொடரில் இடம் கிடைத்தது. முதலில் இரண்டாவது கேமரா, பிறகு முழுப் பொறுப்பும் அவளுடையது. அங்கேயும் யூனிட் ஆட்கள் அவளைக் ‘கேமராமேன் மேடம்’ என்றுதான் அழைத்தார்கள்.

எனக்கு அந்தத் தொடர்கள் உயிர். அவற்றில் இருட்டு என்பதே கிடையாது. தூங்கி எழும்போதும் எல்லோர் முகமும் பளபளவென்றிருக்கும். துக்க வீட்டில் அழுகிறவர்கள் கன்னத்தில்கூட நான்கு பக்கமும் விளக்கு விழும். வீடுகளோ மாடிப்படி வளைந்து இறங்குகிற வீடுகள். சித்தி கேமரா வைத்தால் எந்த வீடும் அப்படி ஆகிவிடும் என்று நான் நம்பினேன். அடுத்த தெருவில் இருந்த அத்தையும், அதாவது அப்பாவின் தங்கையும், அப்படித்தான் நம்பினாள். தொடர் முடிந்து பெயர் ஓடும்போது சித்தியின் பெயரைக் காட்டி, “எங்க அண்ணி தங்கச்சிதான்” என்று பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்வாள். சித்தி நேரில் வந்தால் மட்டும், கல்யாணம் எப்போது என்பதைத் தவிர வேறு எதையும் கேட்க மாட்டாள்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது சித்திக்கு முதல் சினிமா வந்தது. புது இயக்குநர், சின்னப் படம். ஆற்றோரத்தில் பார்த்து முடிவு செய்திருந்த வீடு கடைசி நேரத்தில் கைவிட்டுப் போனது. மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கும்போது சினிமாக்காரர்கள் வீட்டுக்குள் வந்து போவது சரிப்படாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டாராம். அன்று சாயங்காலமே சித்தி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். நேராகச் சமையலறைக்குள் போனவள், ஜன்னலைத் திறப்பதும் மூடுவதுமாகக் கொஞ்ச நேரம் நின்றாள்.

“அக்கா, எனக்கு இந்த ரூம் ரெண்டு நாள் வேணும். கிழக்கு ஜன்னல். காலைல இந்த வெளிச்சம் வேற எங்கயும் கிடைக்காது.”

அம்மா ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. எதற்கும் உடனே சரி என்று சொல்லமாட்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “வீடு நல்லா தெரியுமா?” என்று கேட்டாள்.

“நல்லா தெரியும்க்கா” என்றாள் சித்தி.

அந்தப் பதிலை நாங்கள் இரண்டு பேரும் எங்களுக்குப் பிடித்த மாதிரி எடுத்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை அம்மா கேம்ப் ரோட்டுக்குப் போய் இளம்பச்சைப் பெயிண்ட் வாங்கி வந்தாள். ஆளைக் கூப்பிடாமல் அவளே ஏணி போட்டு ஏறிச் சமையலறை முழுவதும் அடித்தாள். எட்டும் உயரம்வரை எனக்கும் ஒரு தூரிகை கிடைத்தது. ஃபிரிட்ஜுக்குப் புது உறை போட்டோம். அலமாரியில் எவர்சில்வர் டப்பாக்களை உயர வரிசைப்படி அடுக்கினோம். அத்தை தன் வீட்டிலிருந்து ஒரு கண்ணாடிப் பூச்சாடியைக் கொண்டுவந்து மேடையின் நடுவில் வைத்துவிட்டு, அது படத்தில் கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

படப்பிடிப்பு காலாண்டு விடுமுறையில் வந்தது. அப்பா அலுவலக வேலையாக வெளியூரில் இருந்தார். அம்மாவுக்கு விடைத்தாள் திருத்தும் வேலை இருந்ததால் விடிந்ததும் பள்ளிக்குக் கிளம்பிவிட்டாள். ஆகவே வீட்டின் சார்பாக அங்கே இருந்தது நான் ஒருத்திதான்.

வந்தவர்கள் முதலில் பூச்சாடியைத் தூக்கினார்கள். பிறகு டப்பாக்கள், ஃபிரிட்ஜ், கேஸ் அடுப்பு, குழல் விளக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கூடத்துக்குப் போயின. வெளியிலிருந்து ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும் நசுங்கிய பாத்திரங்களும் உள்ளே வந்தன. அதுவரைகூட நான் பொறுத்துக்கொண்டேன். கலை இயக்குநரின் உதவியாளர் ஒரு பக்கெட்டில் தேயிலைச் சாயத்தையும் இன்னொன்றில் கரித்தூளையும் கரைத்துக் கொண்டுவந்தார். பழந்துணியை அதில் முக்கி எங்கள் சுவரில் அறைந்தார்.

“அண்ணா, அது புது பெயிண்ட்” என்றேன்.

“தெரியுது பாப்பா. அதான் ரொம்ப பேஜாரா கீது. கறை புடிக்கவே மாட்டேங்குது.”

நான் சித்தியிடம் ஓடினேன். அவள் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் கரி, இன்னும் கொஞ்சம் என்று கையைக் காட்டினாள். சுவரின் குறுக்கே, முழங்கால் உயரத்தில், வெள்ளம் வந்து வடிந்த மாதிரி ஒரு பழுப்புக் கோடு இழுக்கச் சொன்னாள்.

“சித்தி, அம்மா திட்டுவாங்க.”

“நான் பேசிக்கிறேன் செல்லம். நீ ஹால்ல போய் உட்காரு.”

நான் உட்காரவில்லை. வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஜன்னலில் ஒரு கதவைத் தவிர மற்றதையெல்லாம் கறுப்புத் துணியால் மூடினார்கள். தொடர்களில் நாற்பது விளக்கு போடுகிற சித்தி, எங்கள் வீட்டுக்கு ஒரு விளக்குகூடப் போடவில்லை. கதாநாயகி அந்த அரை இருட்டில் உட்கார்ந்து அடுப்பைப் பற்றவைத்தாள். விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம் தலைக்குமேல் போகும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்தி மறுபடியும் பற்றவைத்தாள். வெயில் உச்சிக்கு வந்ததும் ஜன்னல் வெளிச்சம் போய்விட்டது. மீதியை நாளைக் காலையில் எடுக்கலாம் என்று சொல்லிவிட்டு, எல்லோரும் பெருங்களத்தூர் பேருந்து நிறுத்தத்தில் வேறொரு காட்சி எடுக்கக் கிளம்பினார்கள். சித்தியும் அவர்களோடு போய்விட்டாள்.

அம்மா வீட்டுக்கு வந்தபோது பூச்சாடி எப்படித் தெரிந்தது என்று கேட்க அத்தையும் கூடவே வந்தாள். இரண்டு பேரும் சமையலறை வாசலில் நின்றார்கள். நான் அதற்குள் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்திருந்தேன். அம்மா உள்ளே போய்ச் சுவருக்கு முன்னால் நின்றாள். அந்தப் பழுப்புக் கோட்டையே பார்த்தாள். கையில் இருந்த பையைக் கீழே வைக்கவில்லை.

“என்ன அண்ணி இது” என்றாள் அத்தை. “இந்த மாதிரி வீட்டுல எல்லாம் மனுஷங்க இருப்பாங்களா? உங்க தங்கச்சி ரொம்ப ஓவராத்தான் போறா.”

அத்தை என் கட்சியில் சேர்ந்துவிட்டாள் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அம்மாவும் அதே மாதிரி ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவளோ அத்தையிடம் காபி கலக்கட்டுமா என்று கேட்டாள். அடுப்பு கூடத்தில் கிடப்பது அப்புறம்தான் அவளுக்கு நினைவு வந்தது. அத்தை பூச்சாடியை எடுத்துக்கொண்டு போனாள். அன்று சாப்பாடு கடையிலிருந்து வந்தது. சித்தி அம்மாவின் கைப்பேசியை அழைத்துக்கொண்டே இருந்தாள். அம்மா எடுக்கவில்லை.

மறுநாள் விடிகிற நேரத்தில் தேய்க்கும் சத்தம் கேட்டு விழித்தேன். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சோப்புத் தண்ணீரும் தேங்காய் நாருமாகச் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தரையெல்லாம் கறுப்புத் தண்ணீர். என்னைப் பார்த்தவள், போய்த் தூங்கு என்று சொல்லவில்லை. இன்னொரு நாரை எடுத்துக் கொடுத்தாள். என் வாழ்க்கையில் அவ்வளவு நியாயமான ஒரு வேலையை நான் அதற்கு முன் செய்ததில்லை. முழங்கால் உயரத்துக் கோடு என் பங்கு. அது கரைந்து கீழே வழிய வழிய, அடியிலிருந்து எங்கள் இளம்பச்சை வெளியே வந்தது.

பாதிச் சுவர் வெளுத்திருந்தபோது யூனிட் வண்டி வந்து நின்றது. தயாரிப்பு நிர்வாகி முதலில் உள்ளே வந்தார். பெரிய உடம்பு, காதில் எந்நேரமும் கைப்பேசி. சுவரைப் பார்த்ததும் கைப்பேசியை இறக்கினார்.

“யார் கழுவுனது? நேத்து பாதி சீன் எடுத்து கீதேம்மா. இன்னிக்கி மீதிய எங்க வச்சி எடுக்கிறது? நேத்து அழுக்கா இருந்த செவுரு அடுத்த ஷாட்ல சுத்தமா இருந்தா ஜனம் சிரிக்காது?”

அம்மா தேய்ப்பதை நிறுத்தவில்லை. அவர் வெளியே போய் யாரையோ கூப்பிட்டுச் சத்தம் போட்டார். சித்தி ஓடிவந்தாள். வந்தவள் சமையலறைக் கதவைச் சாத்தினாள். உள்ளே நாங்கள் மூன்று பேர்தான்.

“அக்கா, இன்னா பண்ணி வச்சிருக்க?”

“இன்னா பண்ணேன்? என் வூட்டுச் செவுத்தக் கழுவுனேன்.”

நான் அம்மாவை நிமிர்ந்து பார்த்தேன். அம்மா தமிழாசிரியை இல்லை, கணக்கு டீச்சர்தான். ஆனாலும் நான் ‘வூடு’ என்று ஒருமுறை சொன்னதற்கு, தெருவில் திரிகிறவள் மாதிரி பேசாதே என்று வாயில் அடித்தவள். அவள் வாயிலிருந்து ‘இன்னா’ வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“நல்லா தெரியும்னு சொன்னியேடி. என் நாத்தனா வந்து பாத்துட்டு, இதுல எல்லாம் மனுஷங்க இருப்பாங்களான்னு கேக்குது. நான் இன்னா சொல்றது?”

“இருந்தோம்னு சொல்லு.”

“எதுக்குச் சொல்லணும்? எத்தினி வருஷம் ஆச்சி அத வுட்டு வந்து. நீ எதுக்கு அத இங்க கொண்டாந்து வெக்கிற?”

“நான் இன்னா பொய்யா காட்டிட்டேன்? நம்ம வூடு இப்பிடித்தானக்கா இருந்துது. அதுக்கு ஒரு போட்டோ கூட நம்மகிட்ட இல்ல.”

“போட்டோ எடுத்து மாட்டிக்கிற மாதிரியா இருந்துது?”

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. நம்ம வீடாம், இப்படித்தான் இருந்ததாம். எங்கள் வீட்டுக்குள் என்றைக்கு வெள்ளம் வந்தது? எங்கள் தெரு மேட்டில் இருக்கிறது என்று அப்பா எத்தனை முறை பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

“சித்தி, பொய் சொல்றீங்க” என்று கத்தினேன். “நம்ம வீட்டுல தண்ணியே வந்ததில்ல. நம்ம வீடு எப்பவும் சுத்தமாத்தான் இருந்துச்சு.”

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அங்கே நிற்பதே அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்ததுபோல இருந்தது. சித்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். அந்த நேரத்தில் சாத்திய கதவுக்கு வெளியே நிர்வாகி கைப்பேசியில் பேசுவது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“ஆமா சார், நாள் போச்சு. பொம்பள கையில கேமராவக் குடுத்தா இதான் சார் நடக்கும், அக்கா தங்கச்சி சண்டை. நம்ம பழைய கேமராமேன் சும்மாதான் கீறாரு. சொல்லுங்க, மத்தியானமே வந்து நிப்பாரு.”

சித்தி சுவரில் சாய்ந்து நின்றாள். அவள் அழவில்லை. எத்தனையோ இடங்களில் இதைக் கேட்டுவிட்டு வந்தவள் முகம் அது. எங்கள் ஈரச் சுவரின் கறை அவள் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து வெளியே போனாள். நிர்வாகியின் முன்னால் போய் நின்று, தன் வகுப்பறைக் குரலில், “போனை வைங்க சார்” என்றாள். அவர் வைத்துவிட்டார்.

“நேத்து அந்தச் சுவத்துல போட்டது எங்க இருக்கு?”

கலை உதவியாளர் பக்கெட்டுகளைக் காட்டினார். அம்மா இரண்டையும் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். பழந்துணியைக் கரியில் முக்கி, நாங்கள் இரண்டு பேரும் விடியற்காலையிலிருந்து தேய்த்து வெளுத்த சுவரில், தன் கையாலேயே பூசினாள்.

கையில் இருந்த நாரைக் கீழே போட்டேன். அதை யாரும் கவனிக்கவில்லை.

“கரி இங்க இல்லடி” என்றாள் அம்மா. “அடுப்பு அந்த மூலைல இருந்துது. புகை இப்பிடிச் சாஞ்சிதான் போகும்.” அப்படியே சாய்வாகப் பூசினாள். கோடு இழுக்க வந்த உதவியாளரிடமிருந்து தூரிகையை வாங்கிக்கொண்டாள். “முட்டி வரைக்குமா வந்துது? எனக்கு மாரு வரைக்கும் வந்துது. நீ என் தோள் மேல குந்திகினு இருந்த.”

“எனக்கு அது ஞாபகம் இல்லக்கா” என்றாள் சித்தி.

“எப்பிடி இருக்கும்? உனக்கு மூணு வயசு.”

அவர்கள் படத்தின் கதையைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அம்மாவும் சினிமாக்காரர்களோடு சேர்ந்துகொண்டு நடிக்க ஆரம்பித்துவிட்டாள். இயக்குநர் வந்து பார்த்துவிட்டு, கோடு இடம் மாறிவிட்டதே, நேற்று எடுத்ததோடு ஒட்டாதே என்றார். நேற்று எடுத்தது வேண்டாம், அது செட்டு மாதிரி இருக்கிறது, முதலிலிருந்து எடுத்துவிடலாம், தாமதம் ஆனால் தன்னைக் கேட்கட்டும் என்றாள் சித்தி. ஜன்னலைத் திறந்தார்கள். வெயில் அந்தச் சுவரில் சரிந்து விழுந்தது. எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். என்ன அப்படி ஓர் அதிசயத்தைப் பார்த்தார்களோ தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், எங்கள் சுவர் நேற்றைவிட மோசமாக இருந்தது என்பதுதான். அதைச் செய்தது அம்மா. நான் செருப்பைக்கூடப் போடாமல் அத்தை வீட்டுக்குப் போய்விட்டேன்.

யூனிட் ஆட்களே பிறகு வந்து சமையலறைக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். அது வேறு பச்சை, மருத்துவமனைப் பச்சை. அம்மாவோடு ஒரு வாரம் நான் சரியாகப் பேசவில்லை.

படம் தாம்பரத்தில் சில நாட்கள் மட்டுமே ஓடியது. அடுத்த வருடம் சித்திக்கு விருது அறிவித்தார்கள். மைக்கை நீட்டியவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். ஒரு பெண்ணாக இருந்துகொண்டு அவ்வளவு கனமான கேமராவை எப்படித் தூக்கினீர்கள் என்று. “தூக்கித்தான்” என்றாள் சித்தி. அதை எந்தச் செய்தியிலும் போடவில்லை. அவளுடைய வெளிச்சத்தைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. இன்றைக்கு அவள் இணையத் தொடர்களும் சினிமாவுமாக மாறி மாறி எடுக்கிறாள். இரண்டாவது விருதும் வந்துவிட்டது. அப்போதும் முதல் கேள்வி அதேதான்.

அம்மாவும் சித்தியும் பிறந்து வளர்ந்தது அனகாபுத்தூரில், ஆற்றை ஒட்டிய ஒரு சந்தில் என்பதைக் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். தாத்தா தோல் கம்பெனியில் வேலை செய்தவர். அப்பாவின் வீட்டார் பெண் பார்க்க வந்தபோது, பல்லாவரத்தில் ஒரு பெரியப்பாவின் மாடி வீட்டில் அம்மாவை உட்காரவைத்துக் காட்டியிருக்கிறார்கள். ஆற்றங்கரை வீட்டை அப்பா கல்யாணத்துக்குப் பிறகுதான் பார்த்தார். தன் வீட்டில் சொல்லவில்லை. அத்தை கடைசிவரை பார்க்கவில்லை. பார்ப்பதற்குள் ஒரு மழையில் அதுவும் போய்விட்டது.

இதெல்லாம் எனக்குத் தெரிவதற்கு முன்பு, முதல் விருது வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் போட்டார்கள். அத்தை எங்கள் வீட்டுக்கு வந்துதான் பார்த்தாள். நான் பிடிவாதமாகப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் சமையலறை வந்தபோது நிமிர்ந்தேன். வெயில் கரிச்சுவரில் மெல்ல ஏறியது. கதாநாயகி பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணி, உங்க கிச்சன்னு அடையாளமே தெரியல” என்றாள் அத்தை. “அப்படியே செட்டு போட்ட மாதிரி பண்ணிட்டாங்க.”

“செட்டு இல்ல” என்றாள் அம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “நாங்க இருந்த வூடு.”

அத்தை அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா ஒலியைக் கொஞ்சம் குறைத்தார். எனக்கோ கோபத்தில் காது சூடாகிவிட்டது. தங்கைக்கு விருது கிடைத்துவிட்டது என்பதற்காக, சொந்த வீட்டைப் பற்றி, அதுவும் அத்தையின் முன்னால், இப்படி ஒரு பொய்யா? நாங்கள் என்றால் அப்பா, அம்மா, நான். நாங்கள் இருந்தது இந்த வீட்டில். அந்த ‘நாங்க’வில் நான் இல்லை என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.